ருத்ரமூர்த்திக்கு ஒரு காய்ச்சல்

ஏ தாயி, அந்தச் சன்னலோரத்த எனக்கு விடுதியா? காத்து மூஞ்சில அடிக்கலேன்னா எனக்கு வயித்தப் பெரட்டிரும். ம், நல்லாரு. மதுரைக்கா? மாட்டுத்தாவணியா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

என்ன புஸ்தகம் அது, அட்டையக் காட்டு. வெள்ளச் சேல, பாழுங்கெணறு, பின்னால நெலா. பேய்க்கதையா! அப்ப சித்தப்பாதான். எந்தச் சித்தப்பான்னா கேக்க? சொத்துக்காக அண்ணன் மகளக் கெணத்துல தள்ளுன சித்தப்பா. இன்னும் வரலையா? வருவாரு. நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு, தங்கமான மனுசனா வருவாரு. ஐயையோ, சொல்லிட்டனோ? சரி விடு, அத மூடிப் பைக்குள்ள வையி. ஓடுற பஸ்ல படிச்சா கண்ணு கெட்டுப் போகும்.

எனக்குப் பேய்க்கதை ஆகாதுன்னு நெனச்சுக்கிடாத. வாசிப்பேன். ஆனா எழுதுறவுக கொஞ்சம் புத்தியோட எழுதணும்ல? ஊருக்கு வெளிய ஒரு பங்களா, வாடக கொறச்சல். உடனே புருசனும் பொண்டாட்டியும் சாமானத் தூக்கிட்டுக் குடியேறிருதாக. ஏன் கொறச்சல்னு பக்கத்துல ஒரு வார்த்த கேக்க வேண்டாமா? கோவில்பட்டில நாங்க வீடு மாறுனப்ப, தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வரும், மோட்டார யாரு போடுவா, ஓனரம்மா வாய் எப்படின்னு தெரு பூரா விசாரிச்சுட்டுத்தான் பால் காய்ச்சுனோம். பெறவு அந்தப் பேய்க்கு எப்பப் பாத்தாலும் வெள்ளச் சேலதான். அத யாரு தொவைக்கா? எங்க ஊரு கரிசப் புழுதில வெள்ளச் சேல அரை நாள் தாங்காது.

மந்திரக்கதை இருக்கே, அது அதுக்கு மேல. இப்ப ஃபேன்டசின்னு சொல்லுதாக. ஆயிரம் வருசத்துச் சாபம், நாகலோகம், நீலக்கல்லு, மறுபெறப்பு. அந்த ஊர் பேரையும் ஆள் பேரையும் மனப்பாடம் பண்ணவே பாதிப் புஸ்தகம் போயிருது. குருதேவர் எல்லாம் தெரிஞ்சவரு, ஆனா எதையும் நேராச் சொல்ல மாட்டாரு. முதல் பக்கத்துலயே, ஏலே இளவரசா, அந்தக் குகைக்குள்ள போகாதன்னு சொல்லியிருந்தா எல்லாரும் வீட்ல இருந்திருப்பாக. மாசக் கணக்குல குதிரைல போறாக, அந்தக் குதிரைக்கு ஒருக்கக் கொள்ளு வச்சதா ஒரு வரி உண்டா? பாவம், வாயில்லாச் சீவன்.

காதல் கதை அப்படி இல்ல தாயி. அது வாழ்க்க. அதுல எனக்குத் தெரியாததே கெடையாது. மொத எல்லாம் வாடகை லைப்ரரில எடுத்துப் படிப்பேன், இப்ப போன்லயே வருது. ராத்திரி ஒரு அத்தியாயம் போடுவாக, எபின்னு அதுக்குப் பேரு. கீழ நாம கருத்து எழுதணும். அங்க எல்லாரும் எல்லாரையும் 'சிஸ்'னுதான் கூப்பிடணும், அறுவது வயசுக் கெழவியா இருந்தாலும் சிஸ்தான். 'கோவில்பட்டி செண்பகம்'னு போட்டுப் பாரு, அது நான்தான். நான் கருத்துப் போடலேன்னா எழுதுறவுகளுக்கு அன்னைக்குத் தூக்கம் வராதாம், அவுகளே சொல்லியிருக்காக.

சும்மா பீத்திக்கிடலை. ஒரு கதைல நாயகி புருசனோட கோவம் தாங்காம ரயிலேறிப் போயிட்டா. அத்தோட முடிக்கப் போறதா அந்த எழுத்தாளர் அறிவிச்சிட்டாக. விடுவனா? ரெண்டு நாளு சோறு பொங்கல. எல்லாரையும் தெரட்டினேன். மன்னிப்புக் குடுங்க, மன்னிப்புக் குடுங்கன்னு கீழ ஒரே கருத்தா வந்து குமிஞ்சிருச்சு. கடைசில என்னாச்சு? அந்தப் பிள்ள அடுத்த ஸ்டேசன்லயே எறங்கி, ஆட்டோ பிடிச்சு, புருசன் கால்ல விழுந்துட்டா. எனக்கு அப்பத்தான் சோறு எறங்குச்சு.

என்ன அப்படிப் பாக்குத? அவன் கோவக்காரன்தான். காதல் கதைல நாயகன்னா கோவக்காரனாத்தான் இருக்கணும். மொதல்ல மொறைப்பான். பெறவு கையப் பிடிச்சு முறுக்குவான். ஏன்னா அவன் மனசுல ஒரு காயம் இருக்கும், சின்ன வயசுல யாரோ ஏமாத்தியிருப்பாக. பதினஞ்சாவது அத்தியாயத்துல அவனுக்கு ஒரு காய்ச்சல் வரும். கொதிக்கும் உடம்பு. நாயகி ராப்பகலா முழிச்சிருந்து நெத்தில ஈரத்துணி போடுவா. கண்ணு முழிச்சுப் பாப்பான். அத்தோட சரி, தங்கக்கம்பி ஆயிருவான். இது எல்லாக் கதைலயும் உள்ளது.

எங்க வீட்டுக்காரவுக இருக்காகளே, பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவுக, கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு நா என்னைய மொறைச்சது கெடையாது. குழம்புல உப்பு கூடிட்டா, தயிர ஊத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாக. கோவமே இல்லாத மனுசனோட என்ன கதை நடக்கும்? நான்தான் படிச்சுப் பொழுதப் போக்குனேன்.

எனக்கு ஒரே பொண்ணு. நிரஞ்சனான்னு பேரு, நான் படிச்ச கதையோட நாயகி பேரு. வீட்டுக்காரவுக அவுக ஆத்தா பேர வைக்கணும்னாக, நான் விடல. நல்ல நெறம், நல்ல படிப்பு, பேங்க்ல வேல. கதைல எறங்குறதுக்கு எல்லாம் ரெடியா இருந்தா. ஆனா அவ யாரக் கொண்டாந்து நிறுத்துனாங்கற? சீனிவாசகம்னு ஒரு பையன். மெயின் ரோட்ல கண்ணாடிக்கட. கண்ணு பவர் பாத்து லென்சு போட்டுக் குடுக்கிறவன். எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவனே அவன்தான். 'அத்த, போன்ல இம்புட்டு நேரம் படிக்காதீங்க'ன்னு என்ட்டயே சொன்னவன்.

'ம்மா, எனக்கு அவரப் பிடிச்சிருக்கு'ன்னா.

நான் சாதி பாத்தனா? இல்ல. சொத்து பாத்தனா? இல்ல. நான் அப்படிப்பட்டவ இல்ல. காதலுக்குக் குறுக்க நிக்கிற ஆத்தாமாரைக் கதைல எம்புட்டுத் திட்டியிருக்கேன் தெரியுமா? 'இவளை எல்லாம் செருப்பால அடிக்கணும்'னு எழுதியிருக்கேன். அதனால பையனோட கொணத்த மட்டும் பாப்போம்னு, பேய்க்கதை ஒண்ணு, மந்திரக்கதை ஒண்ணு, எனக்கு உசிரா இருக்கிற காதல் கதை ஒண்ணு, மூணையும் அவன் கையில குடுத்து, படிச்சுட்டு வாங்க தம்பின்னு அனுப்புனேன். ஒருத்தன் என்ன படிக்கான், எப்படிப் படிக்கான்ங்கறதுலயே அவன் வண்டவாளம் தெரிஞ்சு போகும்.

வந்தான். கிழிஞ்சிருந்த அட்டையெல்லாம் ஒட்டிக் கொண்டாந்தான், அது வேற. 'எப்படிப்பா இருந்துச்சு?'ன்னேன். 'அந்தப் பேய் பாவம் அத்த, அத யாருமே என்ன ஏதுன்னு கேக்கலையே'ங்கான். பேயப் பாத்துப் பயப்படாம பரிதாபப்படுதான்! மந்திரக்கதை எப்படின்னேன். அந்த இளவரசன் நல்லபடியா ஊர் போய்ச் சேரணும்னு சாமி கும்பிட்டுக்கிட்டானாம். சின்னப் புள்ளயா இவன்? சரி, காதல் கதை? தலையச் சொறிஞ்சான். 'கோவிச்சுக்கிடாதீங்க அத்த. அந்தாளு மொதத் தடவ கை நீட்டுனப்பவே அந்தப் பொண்ணு போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிருந்தா பத்துப் பக்கத்துல முடிஞ்சிருக்கும்.'

பத்துப் பக்கத்துல முடியுறது கதையா? கேளு! மூணு பாடத்துலயும் ஃபெயிலு. நிரஞ்சனா பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தா. நான் சொல்லிட்டேன், இவன் சரிப்பட மாட்டான், இவனுக்குக் கோவமே வர மாட்டேங்கு, நாளைக்கு உனக்கு நான் வாழ்ந்த வாழ்க்கதான்னு. எங்க வீட்டுக்காரவுக பேப்பர மடக்கி வச்சுட்டு என்னைய ஒரு பார்வ பாத்துட்டு உள்ள போயிட்டாக. அவுகளுக்கு என்ன தெரியும், கதை படிக்காத மனுசன்.

சாத்தூர் வந்துருச்சா? இருக்கட்டும், வெள்ளரிக்கா வேண்டாம், எனக்கு இன்னைக்கு ஒண்ணும் எறங்காது. நீ வேணா வாங்கிக்கோ.

பெறவுதான் ருத்ரமூர்த்தி சம்பந்தம் வந்துச்சு. பேரக் கேட்டதுமே எனக்கு என்னமோ பண்ணுச்சு. ருத்ரமூர்த்தி! கதைக்குன்னே வச்ச பேரு. தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி மகன், ஒரே வாரிசு. பொண்ணு பாக்க வந்தான் பாரு, ஆறடி. சிரிக்கல. கேசரியத் தொடல. கார் சாவிய வெரல்ல சுத்திக்கிட்டே உக்காந்திருந்தான். 'தம்பி, காப்பி ஆறுது'ன்னாக எங்க வீட்டுக்காரவுக. ஒரு மொற மொறைச்சான்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இம்புட்டு வருசமா எழுத்துல படிச்சத அன்னைக்குத்தான் கண்ணால பாக்கேன்.

மாப்ள வீட்டுக்காரவுக போனதும் நிரஞ்சனா சொல்லுதா, 'ம்மா, அவரு எம் பேரக்கூடக் கேக்கல.'

'கேக்க மாட்டான்டி. கேட்டா அவன் நாயகன் இல்ல.'

ஒத்துக்கிட மாட்டேன்னுட்டா. நான் என்ன செய்யட்டும்? கட்டில்ல போயிப் படுத்தேன். மூணு நாளு பச்சத்தண்ணி குடிக்கல. அவ வேலைக்குப் போன பெறவு ரெண்டு இட்லி சாப்பிட்டேன், அது சுகர் மாத்திர போடுறதுக்காக, அதச் சேக்கக் கூடாது. மூணாம் நாளு வந்து கட்டில் ஓரத்துல உக்காந்தா. 'ஒனக்காகத்தான்ம்மா'ன்னா. பாத்தியா, பிள்ளைக்கு எம்புட்டுப் பாசம். நிச்சயத்த ஜாம்ஜாம்னு வச்சிட்டோம்.

பட்டு எடுக்க மதுரைக்கு வந்தோம். இதே ரோட்லதான், அவன் கார்ல. கடைல நிரஞ்சனா நீலச் சேலைய எடுத்து மேல வச்சுப் பாத்தா. அரக்கு எடுன்னான். எனக்கு நீலம் பிடிச்சிருக்குன்னா. அவன் என்ன செஞ்சாங்கற தாயி? சிரிச்ச மொகமா அவ மணிக்கட்டப் பிடிச்சான். பிடிச்சு, மெல்ல, முறுக்குனான். கண்ணாடி வளையலு ரெண்டு ஒடஞ்சு கைல ஏறிருச்சு. சேல எடுத்துப் போட்ட பொண்ணு 'அண்ணே, ரத்தம்'னு கத்திருச்சு. அவன் அரக்குச் சேலைய பில்லுக்குக் குடுத்துட்டு வெளிய போயிட்டான்.

நிரஞ்சனா என்னையப் பாத்தா. நான் அவளப் பாத்தேன். எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா வளையலு ஒடையுறது எல்லாக் கதைலயும் வர்றதுதான? நான் என்னமோ அசந்துட்டேன், மறு நிமிசம் மனசத் தேத்திக்கிட்டேன். வீட்டுக்கு வந்து மஞ்சப்பொடி வச்சுக் கட்டி விட்டேன். 'பொறுடி. இப்பத்தான ஆரம்பம். அவனுக்கு மனசுல ஏதோ காயம் இருக்கு. ஒரு காய்ச்சல் வரட்டும், எல்லாம் சரியாப் போகும்'னேன்.

'அவருக்கு எப்பம்மா காய்ச்சல் வரும்?'னா. கேலியா கேட்டாளா, நெசமாக் கேட்டாளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

சும்மா இருக்கல நான். மறுநாளே செண்பகவல்லி கோயிலுக்குப் போயி வேண்டிக்கிட்டேன். அம்மா தாயே, எம் மருமகனுக்கு ஒரு காய்ச்சலக் குடு. பெருசா வேண்டாம், டைபாய்டு கிய்பாய்டு எல்லாம் வேண்டாம், சாதாக் காய்ச்சல் போதும், எம் பிள்ள பக்கத்துல இருந்து துணி நனச்சுப் போடுற அளவுக்கு. ஐயரு அர்ச்சனை என்னத்துக்குன்னு கேட்டாரு. சொன்னேன். அவரு தட்டக் கீழ வச்சுட்டு என்னையவே பாத்தாரு. காய்ச்சலு தீர அர்ச்சன செஞ்சுதான் அவருக்குப் பழக்கம் போல.

காய்ச்சல் வரல. அவன் உடம்பு இரும்பு. நிரஞ்சனா போன எடுக்கலேன்னு பேங்க்குக்கே போயி, கவுன்டர்ல எல்லாரு முன்னாலயும் அவ போனப் பிடுங்கித் தரைல அடிச்சான். அன்னைக்குத்தான் எனக்கு ஒரு ரோசன வந்துச்சு. நல்லது கெட்டத நாலு பேருட்டக் கேட்டுத்தான செய்யணும்? எனக்கு யாரு இருக்கா? அந்தக் கருத்து எழுதுற பிள்ளைகதான். ஆனா எம் மக விசயம்னு எப்படிச் சொல்ல? அதனால ஒரு கதை மாதிரி எழுதிப் போட்டேன். 'நாயகன் கோவக்காரன். கல்யாணத்துக்கு முன்னயே நாயகி கைய முறுக்கி ரத்தம் வர வச்சுட்டான். ஊர் முன்னால போன ஒடைக்கான். நாயகி அழுறா. அடுத்து என்ன நடக்கும்? கருத்துச் சொல்லுங்க சிஸ்.'

அடேயப்பா! போட்டு அடுப்படிக்குப் போயித் திரும்புறதுக்குள்ள அம்புட்டுக் கருத்து. 'செம ஹீரோ!' 'ஆரம்பமே அசத்தல் சிஸ், நீங்க எழுதவும் செய்வீங்களா?' 'அவன் பொசசிவ்வா இருக்கான், லவ்வு அதிகம்.' 'சீக்கிரம் கல்யாணத்தப் பண்ணி வைங்க, காய்ச்சல் சீன் வேணும்.' எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா அதுல ஞாயம் இருக்கும்ல? எனக்கு அப்படியே பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. நிரஞ்சனாட்டப் படிச்சுக் காட்டலாம்னு போனேன், அவ ரூமு சாத்தியிருந்துச்சு. தூங்கட்டும்னு வந்துட்டேன்.

வந்து பாத்தா, புதுசா ஒரு கருத்து. 'வாசகி ஒருத்தி'ன்னு பேரு. அதுக்கு முன்ன பின்ன அங்க பாத்ததே இல்ல. என்ன எழுதியிருந்தாங்கற? 'நாயகி நாளைக்கு விடியக்காலம் வீட்ட விட்டுப் போறா. அப்பாதான் கொண்டு போயி பஸ் ஏத்தி விடுறாரு. கதை முடிஞ்சது.' எனக்கு வந்துச்சே கோவம்! நல்லாப் போற கதையக் கெடுக்கதுக்குன்னே வருவாக சில பேரு. உடனே பதில் போட்டேன். 'கதையக் கெடுக்காதீங்க சிஸ். அந்த அப்பா கேரக்டருக்கு அம்புட்டுத் தைரியம் கெடையாது.' அதுக்குக் கீழ எத்தன பேரு ஹார்ட்டு போட்டிருந்தாகங்கற!

விடிஞ்சு எந்திரிச்சா, எங்க வீட்டுக்காரவுகளோட டிவிஎஸ் வண்டி வாசல்ல இல்ல. பால் வாங்கப் போயிருப்பாகன்னு நெனச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சு வந்தாக. வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு, கை காலக் கழுவிட்டு, 'பிள்ளைய மதுரைக்கு ஏத்தி விட்டுட்டேன். அங்க என் தங்கச்சி வீட்ல இருப்பா'ன்னாக. அம்புட்டுத்தான். உப்புக் கூடுன குழம்புக்குத் தயிர ஊத்திக்கிட்ட மாதிரி சொல்லிட்டுப் பேப்பர எடுத்துக்கிட்டாக. மத்தியானம் நிரஞ்சனாட்ட இருந்து போன்ல ஒரு வரி. 'அந்த வாசகி நான்தாம்மா.' அத்தோட சரி. அதுக்குப் பெறவு என்கூட அவ பேசல.

நீயே சொல்லு தாயி. என் பேர்ல எந்தத் தப்பும் இல்லேல்ல? நான் அவ பேரப் போட்டனா? ஊரப் போட்டனா? நாயகின்னுதான போட்டேன்.

சாயங்காலம் ருத்ரமூர்த்தி வந்தான். கார்ல இருந்து எறங்கி வாசக் கேட்ட ஒரு ஒத ஒதச்சான், கொண்டி தெறிச்சுருச்சு. எங்க அவன்னு கத்துதான். தெருவே வாசல்ல நிக்கி. எனக்குப் பயம்லாம் இல்ல. அடுப்புல பால் பொங்குற மாதிரி ஒரு நெனப்பு, அதான் அடுப்படிக்குள்ள போயிட்டேன். போயிப் பாத்தா அடுப்பே பத்த வைக்கல. சரி வந்தது வந்தாச்சுன்னு கதவச் சாத்தி, மேல தாப்பாளும் போட்டு, அரிசி டப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். வாசல்ல அவுக கொரல் கேக்குது. 'எம் பொண்ணு வர மாட்டா தம்பி. நீங்க போயிட்டு வாங்க.' அவன் சட்டையப் பிடிச்சிருக்கான் போல, பட்டன் தெறிச்சு உருண்டு வர்ற சத்தம் கேட்டுச்சு. திரும்பவும் அதே கொரலு, கூடவும் இல்ல கொறையவும் இல்ல. 'நீங்க போயிட்டு வாங்க தம்பி.' எம்புட்டு நேரமோ. பெறவு காரு போற சத்தம்.

வெளிய வந்து பாத்தேன். அவுக நெலப்படியப் பிடிச்சுக்கிட்டு நிக்காக. சட்டைல பட்டன் இல்ல. 'அப்பவும் உங்களுக்குக் கோவம் வரல பாருங்க'ன்னேன். என்னையப் பாத்துச் சிரிச்சாக. அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல. எனக்கு ஏன்னு தெரியல, அழுக பொத்துக்கிட்டு வந்துருச்சு. அவுக போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்தாக.

விருதுநகரு தாண்டிட்டமா? எப்பத் தாண்டுச்சு? பேச்சு வாக்குல தெரியல பாரு.

சீனிவாசகத்தத்தான் கட்டிக்கிட்டா. ரெஜிஸ்தர் ஆபீஸ்ல. எனக்குச் சொல்லல. அவுக மட்டும் வேட்டி சட்ட போட்டுக்கிட்டு, தங்கச்சியப் பாத்துட்டு வாரேன்னு போனாக. திரும்பி வந்தப்ப சட்டைல பன்னீர் வாசன. நான் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பாக, அதான் கேக்கல. மாசம் ஒருக்கப் போறாக, வாராக. அந்தப் பையன் இப்ப மதுரைல கடை வச்சிருக்கான். ரெண்டு பேரும் நல்லா இருக்காகளாம். சண்ட கெடையாதாம். என்னத்தப் பேசிக்கிடுவாகளோ, பாவம்.

போன வாரம் அவளுக்கு வளகாப்பு முடிஞ்சிருச்சு தாயி. ஏழாம் மாசம். பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இங்கன இருக்கேன், வளையலு போட்டு விட்டது அவன் ஆத்தா. பக்கத்து வீட்டம்மா போன்ல படம் பாத்துட்டு வந்து சொன்னா, ஒம் மக நீலச் சேலைல அழகா இருக்கான்னு. ராத்திரி பூரா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. காலைல எந்திரிச்சு புளிச்சோறு கிண்டுனேன், தயிர்ச்சோறு கிண்டுனேன், வத்தலு வறுத்தேன். இந்தத் தூக்குவாளில இருக்கிறது அதுதான். வளகாப்புக்கு ஆத்தா வீட்டுச் சோறுதான வயித்துல இருக்கிற பிள்ளைக்குச் சேரணும்? ஒரு வாரம் பிந்துனாச் செரிக்காமயா போகும்?

நீங்களும் வாங்கன்னு எங்க வீட்டுக்காரவுகளக் கூப்பிட்டேன். அட்ரச எழுதிக் குடுத்தாக, கே.புதூர்ல எங்கன எறங்கணும், எந்தச் சந்துன்னு சொன்னாக. வரலேன்னுட்டாக. 'நான் வந்தா எனக்காகத் தொறப்பா, செண்பகம். ஒனக்காகத் தொறக்கணும்ல? போயிட்டு வா. வாய மட்டும் வீட்ல வச்சுட்டுப் போ'ன்னாக. நல்ல மனுசன்தான் போ.

மாட்டுத்தாவணி வந்துருச்சு. இரு, எல்லாரும் எறங்கட்டும், நமக்கு என்ன அவசரம். நீ எந்தப் பக்கம் தாயி போகணும்? அண்ணா நகரா? கே.புதூர் இங்கன பக்கத்துலதான், ஆட்டோல போனா பத்து நிமிசம் ஆகாது. ஆட்டோக் காச நான் குடுத்திருதேன். பெறவு ஒன்னைய அண்ணா நகர்லயே கொண்டு போயி விடச் சொல்லுதேன். ஒரு சின்ன ஒத்தாச, அதான் கேக்கேன்.

அந்த வீடு ரெண்டாவது மாடியாம். பகல்ல அவ மட்டுந்தான் இருப்பா, அவன் கடைக்குப் போயிருவான். கதவுல அந்த ஓட்ட இருக்கும்ல, உள்ள இருந்து யாருன்னு பாக்கிற கண்ணாடி, அத அவனே நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டிக் குடுத்திருக்கானாம். என் மூஞ்சி அதுல தெரிஞ்சா அவ தொறக்க மாட்டா. எனக்குப் பயமா இருக்கு தாயி. கோவில்பட்டில ஏறுனதுல இருந்தே பயமாத்தான் இருக்கு, அதான் ஒன் காதுல ரத்தம் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தேன். நீ முன்னால நின்னு பெல்ல அடி. ஒன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் தொறக்கத் தோணும். நான் படில கொஞ்சம் கீழ நிக்கேன். அவ தொறந்ததும் நீ ஒண்ணும் பேச வேண்டாம், தள்ளிக்கோ, நான் மேல ஏறி வந்திருதேன்.

தொறந்துட்டாப் போதும். தொறந்த பெறவு என் மூஞ்சில அடிச்ச மாதிரிச் சாத்த மாட்டா தாயி. எம் பிள்ளைக்கு அப்படிக் கோவம்லாம் வராது. அவ அவுக அப்பா மாதிரி.